யாருடைய அநுகூலம்?

ஒரு கல்வித்துறை ஒருவரைத் தன் பிதாமகர் என்று போற்றுகிறது. அவர் எழுப்பிய வினாக்களுள் ஒன்றை எடுத்துக்கொண்டு அரை நூற்றாண்டாக ஆராய்கிறது. அதே மனிதர் எழுப்பிய மற்றொரு வினாவையோ பெரும்பாலும் தொடாமலே விட்டுவைக்கிறது. இஃது அத்துறையினரின் உள்வீட்டு விவகாரம் என்று நாம் ஒதுங்கிவிடலாமா? அத்துறை ஆராயும் பொருள் பன்னாட்டுக் கம்பனி. அக் கம்பனிகளின் மருந்தை உட்கொண்டும், அவற்றுக்குச் சட்டை தைத்தும், அவற்றின் தேயிலையைக் கொய்தும் வாழும் மக்களைக் கொண்ட நாட்டிலே ஆசிரியராகவும் மாணவராகவும் இருப்போர் அவ்வாறு ஒதுங்குவதற்கில்லை.

சர்வதேச வணிகவியல் என வழங்கும் துறையையே இங்கு குறிப்பிடுகின்றோம். 1959இல் அமெரிக்காவில் இத்துறை ஆசிரியர்களுக்கென ஒரு சங்கம் அமைந்தது. 1970இல் அவர்களுக்கெனத் தனி ஆராய்ச்சி ஏடும் தோன்றியது. இன்று உலகெங்கும் வணிகக் கல்லூரிகளில் கலாநிதிப் பட்டத்துக்காக இத்துறையைப் பயில்வோர் பலர். ஆய்வுக்குள் நுழையும் மாணவர் கருத்தரங்கு வகுப்பில் முதலிற் கற்கும் பெயர்களுள் ஒன்று ஸ்டீபன் ஹைமர் என்பதாகும்.

ஹைமர் 1934இல் கனடாவின் மொன்றியல் நகரிற் பிறந்தவர். மசாசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலே சாள்ஸ் கிண்டில்பேர்கர் என்னும் பேராசிரியரிடம் பயின்று, 1960இல் தமது கலாநிதிப் பட்ட ஆய்வேட்டை முடித்தார். ஒரு நாட்டுக்குரிய கம்பனிகள் பிற நாடுகளில் நடத்தும் தொழில்களே அதன் பொருள். அந்நாள்வரை பொருளியலாளர் அந்நிய முதலீட்டுக்குத் தந்துவந்த விளக்கம் மிக எளியது. வட்டி குறைந்த நாட்டிலிருந்து வட்டி கூடிய நாட்டுக்கு மூலதனம் செல்லும், மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நீர் பாய்வதுபோல. ஹைமர் அமெரிக்கக் கம்பனிகளின் முதலீட்டுக் கணக்குகளைப் புரட்டிப் பார்த்தார். நீர் அவ்வாறு பாயவில்லை. ஒரே காலத்தில் அமெரிக்கக் கம்பனிகள் ஐரோப்பாவிலும் ஐரோப்பியக் கம்பனிகள் அமெரிக்காவிலும் தொழிற்சாலை நிறுவிக்கொண்டிருந்தன. வெளிநாட்டிற் கால்வைத்த கம்பனி தனக்கு வேண்டிய பணத்தில் ஒரு பகுதியை அந்த நாட்டு வங்கிகளிலேயே கடனாகப் பெற்றது. முதலீடு சில நாடுகளைத் தேடிப் போகவில்லை. சில தொழில்களிற் குவிந்து கிடந்தது. எண்ணெய், மோட்டார் வாகனம், இரசாயனம் போன்று விரல்விட்டு எண்ணக்கூடிய பெரிய கம்பனிகள் ஆட்சி செலுத்தும் தொழில்களே அவை.

ஆகவே இவ்வகை முதலீட்டின் உயிர் வட்டியில் இல்லை, கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று ஹைமர் முடிவு செய்தார். பிறநாட்டுக் கடன்பத்திரத்தை வாங்குபவன் வட்டியோடு திருப்தியடைவான்; தொழிற்சாலையை நிறுவுபவன் அதை ஆள விரும்புகிறான். ஏன் ஆள விரும்புகிறான்? ஹைமர் இரு முக்கிய காரணங்களைக் காட்டினார். முதலாவது, அக் கம்பனியிடம் உள்ளூரார்க்கு இல்லாத ஏதோ ஓர் அநுகூலம் இருக்கவேண்டும். மொழி தெரியாது, சட்டம் தெரியாது, அரசாங்கம் சந்தேகக் கண்ணோடு பார்க்கும். இத்தனை இடர்ப்பாடுகளையும் ஈடுசெய்யும் வலிமை இல்லாதவன் பிறநாட்டில் வந்து போட்டியிட இயலாது. இரண்டாவது, போட்டியையே ஒழித்துவிடுவது. இரு நாடுகளில் ஒரே பொருளைச் செய்யும் இரு கம்பனிகள் ஒன்றோடொன்று மோதி விலையைக் குறைப்பதிலும், ஒரே கையின்கீழ் இணைந்து விலையைக் காப்பது அவற்றுக்கு இலாபம்.

அவ் ஆய்வேடு அப்போது நூலாக அச்சேறவில்லை. 1974 பெப்ரவரியில், தமது முப்பத்தொன்பதாம் வயதில், ஒரு வாகன விபத்திலே ஹைமர் மாண்டார். ஈராண்டுகள் கழித்து, 1976இல், அவருடைய ஆசிரியரின் முன்னுரையோடு அது நூலாயிற்று.

அதே 1976இல் பிரித்தானியாவிலே பீற்றர் பக்லி, மார்க் கசன் என்ற இருவர் பன்னாட்டுக் கம்பனிகளின் எதிர்காலம் பற்றி ஒரு நூல் வெளியிட்டனர். அந்நூலின் வேர் 1937இல் றொனால்ட் கோஸ் எழுதிய கட்டுரை ஒன்றில் இருக்கிறது. சந்தை இருக்கும்போது கம்பனி எதற்கு என்று கோஸ் கேட்டார். சந்தையில் விலை பேசுவதற்கும் ஒப்பந்தம் எழுதுவதற்கும் செலவு உண்டு, அச்செலவு மிகும் இடத்திலே கம்பனி தோன்றுகிறது என்பது அவர் கண்ட விடை. இதனை நாடுகளின் எல்லை தாண்டிப் பொருத்தினர் பக்லியும் கசனும். அறிவை விற்பது அரிய காரியம். விற்பவன் அதனை வெளியிடாவிட்டால் வாங்குபவனுக்கு மதிப்புத் தெரியாது. வெளியிட்டுவிட்டாலோ வாங்கவேண்டிய தேவை தீர்ந்துவிடும். ஆதலின் கம்பனி தன் அறிவைப் பிறருக்கு விற்காமல், தானே அயல்நாட்டில் கிளை நிறுவித் தன் வீட்டுக்குள்ளேயே பயன்படுத்துகிறது. ஜோன் டணிங் என்பார் அதே ஆண்டில் இவற்றையெல்லாம் இணைத்து ஒரு சட்டகம் வகுத்தார். உடைமையால் வரும் அநுகூலம், இடத்தால் வரும் அநுகூலம், வீட்டுக்குள் வைத்துக்கொள்வதால் வரும் அநுகூலம் என மூன்று. இன்றும் இத்துறை மாணவர் மனப்பாடமாகக் கூறுவது இம் மூன்றையே.

இது நல்ல கோட்பாடு. இதனை நாம் தயக்கமின்றிச் சொல்கின்றோம். முதலாளித்துவத்தை எதிர்ப்பவர் அதன் இயக்கத்தை விளக்கும் கோட்பாட்டையும் எதிர்க்கவேண்டும் என்பது மூடத்தனம். ஆயினும் ஹைமரிலிருந்து டணிங்கை நோக்கிய பயணத்தில் ஒரு சொல்லின் பொருள் மெல்ல மாறிப்போயிற்று. ஹைமரிடத்தில் அநுகூலம் என்பது இருபுறமும் கூரான கத்தி. ஒருபுறம் திறமை, மறுபுறம் ஆதிக்கம். பின்வந்தோரிடத்தில் அது பெரும்பாலும் திறமை என்ற பொருளை மட்டும் சுமந்து நிற்கிறது. போட்டியை ஒழிப்பது என்ற இரண்டாவது காரணம் வகுப்பறையில் வரலாற்றுக் குறிப்பாகச் சுருங்கிவிட்டது. அநுகூலம் என்றால் யாரோ ஒருவருக்கு எதிரான அநுகூலந்தான் என்பதை மொழியறிந்த எவரும் அறிவர். அந்த யாரோ ஒருவர் யார்?

வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்வது என்னும் அக் கருத்தையே எடுத்துக்கொள்வோம். தாய்க் கம்பனி தன் கிளைக்கு ஒரு மூலப்பொருளை அனுப்பும்போது அதன் விலையை நிர்ணயிப்பது எந்தச் சந்தையுமன்று; விற்பவனும் வாங்குபவனும் ஒருவனே. 1973இல் பிரித்தானியாவின் ஏகபோகங்கள் ஆணைக்குழு, மனப்பதற்றத்தைத் தணிக்கும் லிப்ரியம், வாலியம் என்னும் இரு மருந்துகளைப் பற்றி விசாரித்து ஓர் அறிக்கை வெளியிட்டது. ஹொஃப்மன் லா றோஷ் என்னும் சுவிஸ் கம்பனி தன் பிரித்தானியக் கிளைக்கு இவற்றின் மூலப்பொருளை விற்ற விலை, ஒரு கிலோவுக்கு முறையே 370 பவுணும் 922 பவுணும். மருந்துக்குக் காப்புரிமை வழங்காதிருந்த அன்றைய இத்தாலியில் அதே பொருள்கள் 9 பவுணுக்கும் 20 பவுணுக்கும் கிடைத்தன. ஆராய்ச்சிக்கு நாம் செலவிட்ட பணத்தை யார் தருவது என்பது கம்பனியின் வாதம். அவ்வாதத்தை முற்றாகத் தள்ளிவிடவும் இயலாது. புது மருந்து வானத்திலிருந்து விழுவதில்லை. ஆனால் 9 எங்கே, 370 எங்கே?

பிரித்தானியாவுக்கு ஓர் ஆணைக்குழு இருந்தது, கணக்காளர் இருந்தனர், கம்பனியைப் பணியவைக்கும் அரசு இருந்தது. கொலம்பியாவுக்கு என்ன இருந்தது? கொன்ஸ்தந்தீன் வைற்சொஸ் என்னும் கிரேக்கப் பொருளியலாளர் அந்நாட்டின் இறக்குமதிப் பற்றுச்சீட்டுக்களை ஒவ்வொன்றாக எடுத்து உலகச் சந்தை விலையோடு ஒப்புநோக்கினார். 1960களின் இறுதியில் அந்நியக் கம்பனிகளின் மருந்துக் கிளைகள் தத்தம் தாய்க் கம்பனிகளிடமிருந்து வாங்கிய பொருள்களுக்குச் சராசரியாக 155 வீதம் மிகை விலை கொடுத்திருந்தன என்று கண்டார். நூறு ரூபாய்ப் பொருளுக்கு 255 ரூபாய்! கிளையின் கணக்கில் இலாபம் சிறிதாகத் தோன்றும், வரி குறையும், இலாபம் மருந்தின் விலைக்குள் ஒளிந்து எல்லை தாண்டிவிடும்.

சந்தையின் குறையை நீக்கும் ஏற்பாடு என்று ஒரு கோட்பாடு வருணிக்கும் அதே ஏற்பாடு, நோயாளியின் மடியிலிருந்து பணம் எடுக்கும் ஏற்பாடாகவும் இருக்கிறது. இவ்விரண்டும் உண்மை. முதலாவதை மட்டும் ஆராய்ந்து இரண்டாவதைச் சட்டவாளரிடமும் வரிக் கணக்காளரிடமும் விட்டுவிடுவது ஓர் அறிவியல் முடிவா, அன்றி ஓர் ஒழுக்க முடிவா? நம் கட்டுரையின் வினா இதுவே.

இவ்வினாவுக்கு ஆய்வாளர் வழக்கமாகத் தரும் விடையை நாம் அறிவோம். விஞ்ஞானம் நடுநிலையானது, ஒவ்வோர் ஆய்வாளனும் தன் சிறு நிலத்தை உழுதால் போதும், நீதியைப் பற்றிப் பேச வேறு துறைகள் உள்ளன என்பர். இதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் ஆய்வு நடைபெறும் முறையைச் சற்று உற்றுநோக்குவோம். மாணவர் ஒருவர் நூற்றுக்கணக்கான கம்பனிகளின் தரவுகளைத் திரட்டிச் சமன்பாடு ஒன்றை அமைக்கிறார். சமன்பாட்டின் வலப்புறத்தே கம்பனியின் வயது, அதன் ஆராய்ச்சிச் செலவு, தாய்நாட்டுக்கும் கிளைநாட்டுக்கும் உள்ள பண்பாட்டு இடைவெளி முதலியன. இடப்புறத்தே, எல்லாவற்றாலும் விளக்கப்படவேண்டிய சார்ந்த மாறியாக, மிகப் பல ஆய்வுகளில் நாம் காண்பது கம்பனியின் செயற்றிறன். வெளிப்படையாகச் சொன்னால் இலாபம். வலப்புறத்துக் கணிதத்தில் நடுநிலை இருக்கலாம். இடப்புறத்தில் எதை வைப்பது என்பதைக் கணிதம் தீர்மானிப்பதில்லை. அங்கே இலாபத்தை வைத்தவர் அதனால் பொய்யுரைத்தவராகார். யாருடைய நலன் ஆராயத்தக்கது என்று ஒரு தெரிவைச் செய்துவிட்டார், அவ்வளவே. தெரிவு செய்ததை அவர் உணராதிருப்பதுதான் நமக்குக் கவலை தருகிறது.

நுளம்பை ஆராயும் மருத்துவரை நினைத்துக்கொள்வோம். நுளம்பு எங்கே முட்டையிடுகிறது, எவ்வளவு தூரம் பறக்கிறது என்றெல்லாம் அவர் நுணுகி அறிகிறார். ஆனால் நுளம்பின் செயற்றிறனைப் பெருக்குவதை அவர் தம் ஆய்வின் பயனாகக் கூறுவதில்லை. கம்பனியை நுளம்போடு ஒப்பிடுவது மிகை என்பாருளர், ஏற்கின்றோம். நுளம்பு வேலை கொடுப்பதில்லை, மருந்து கண்டுபிடிப்பதுமில்லை.

யாரைக் கேட்டு ஆராய்வது என்பதும் இத்தகைய தெரிவே. பண்பாட்டு இடைவெளியை அளப்பதற்கு இத்துறையினர் பெரிதும் நம்பியிருப்பது கீற் ஹொஃப்ஸ்ரெட் 1980இல் வெளியிட்ட நூலாகும். அதன் அடிப்படை 1,16,000 வினாக்கொத்துக்கள். மலைக்கவைக்கும் தொகைதான். ஆனால் விடையளித்தோர் அனைவரும் ஐ.பி.எம். என்ற ஒரே கம்பனியின் ஊழியர். ஒரு தேசத்தின் பண்பாட்டை அறிய, கணிப்பொறிக் கம்பனியின் அலுவலகத்துக்குப் போவது ஒரு வழி. வயலுக்கோ ஆலைக்கோ போவது பிறிதொரு வழி. இரண்டாவதற்கு நேரமும் பணமும் மொழியறிவும் வேண்டும்.

இனி ஹைமருக்குத் திரும்புவோம். ஆய்வேட்டை முடித்தபின் அவர் சும்மா இருக்கவில்லை. கானா நாட்டின் பொருளாதாரத்தை ஆராய்ந்தார். தம் தாய்நாடாகிய கனடாவில் அந்நியக் கம்பனிகளின் ஆதிக்கத்தை விசாரித்து 1968இல் அறிக்கை தந்த குழுவில் ஒருவராயிருந்தார். படிப்படியாக மார்க்சியத்தை வந்தடைந்தார். 1970களின் தொடக்கத்தில் அவர் எழுதிய கட்டுரைகளுட் சிறந்தது, பன்னாட்டுக் கம்பனியையும் ஏற்றத்தாழ்வான வளர்ச்சியின் விதியையும் பற்றியது. ஒரு பெரிய கம்பனிக்குள் மேலே சிலர் திட்டமிடுகின்றனர், நடுவிலே சிலர் ஒருங்கிணைக்கின்றனர், கீழே பலர் அன்றாட வேலையைச் செய்கின்றனர். கம்பனி உலகளாவும்போது இப்படிநிலை உலகப் படத்தின்மீதே விரிகிறது என்றார் ஹைமர். திட்டமிடும் மூளை நியூ யோர்க், இலண்டன், தோக்கியோ போன்ற சில நகரங்களிற் குடிகொள்ளும். ஒருங்கிணைக்கும் அலுவலகங்கள் பிராந்திய நகரங்களில் அமையும். கைகள் மட்டும் எங்கும் பரந்து கிடக்கும். 1978இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டதும், கிராமங்களிலிருந்து இளம் பெண்கள் தையல் இயந்திரங்களுக்குமுன் வந்து அமர்ந்ததும் ஹைமர் இறந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின். சட்டையின் வெட்டும் நிறமும் விலையும் எந்த நகரத்திலே தீர்மானிக்கப்பட்டன என்பதை அப்பெண்களைக் கேட்டிருந்தால் அவர்களே சொல்லியிருப்பர்.

ஹைமர் கூறியன யாவும் பலித்தன என்று நாம் சாதிக்க வரவில்லை. தென்கொரியாவும் சீனாவும் கைகளாக மட்டும் நின்றுவிடவில்லை. தமக்கென மூளைகளையும் கட்டியெழுப்பின. 2000இல் இந்தியாவின் ராற்றா தேயிலைக் கம்பனி, பிரித்தானியரின் புகழ்பெற்ற ரெற்லி தேயிலைக் கம்பனியை 271 மில்லியன் பவுணுக்கு வாங்கியது. குடியேற்ற நாடாயிருந்த இடத்தின் முதலாளி, ஆண்ட நாட்டின் கம்பனியை விலைக்கு வாங்கியதைக் கண்டு மகிழ்ந்தோர் பலர். படிநிலையிலே இடம் மாறுதல் சாத்தியம் என்பதை இது காட்டுகிறது. கொழுந்து பறிப்பவளின் நாட்கூலிக்கும் இவ் இடமாற்றத்துக்கும் ஏதேனும் தொடர்பு உண்டா என்பது ஆராய்ந்து காணவேண்டிய பொருள். கம்பனியின் தேசியம் மாறிவிட்டதால் மட்டும் விடை கிடைத்துவிட்டதாகக் கொள்ளமுடியாது.

நம் அணியைச் சேர்ந்தோருக்கும் இங்கே ஒரு சொல் சொல்லவேண்டும். ஏகாதிபத்தியம் சுரண்டுகிறது என்று மேடையில் முழங்குவது எளிது. எவ்வளவு, எந்த வழியில், யாருடைய கணக்கில் என்று காட்டுவது கடினம். வைற்சொஸ் தம் கோபத்தை நம்பி இருந்திருந்தால் அந்த 155 வீதம் வெளிப்பட்டிராது. பற்றுச்சீட்டை எடுத்துப் பார்க்கும் பொறுமை முற்போக்காளனுக்கு மற்றையோரிலும் அதிகமாக வேண்டும். ஆராய்ச்சி முறையை முதலாளித்துவக் கல்வி என்று ஏளனம் செய்யும் மாணவர், தம் எதிரிக்குத் தம் ஆயுதத்தை இலவசமாகக் கொடுத்துவிடுகிறார்.

இவ்வாறு ஆராய்ந்தும் செய்தும் காட்டியவர் நம் நாட்டிலேயே இருந்தார். மருந்தியற் பேராசிரியர் சேனக பிபிலே, வைத்தியரும் கம்யூனிஸ்ட் தலைவருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவோடு சேர்ந்து 1971இல் மருந்து இறக்குமதி பற்றி ஓர் அறிக்கை தயாரித்தார். அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் அமைந்தது. பிபிலே அதன் முதல் தலைவரானார். இறக்குமதியாகி வந்த ஏறத்தாழ 2,100 மருந்துகள் 600 அளவுக்குக் குறைக்கப்பட்டன. ஒரே மருந்தைப் பல வணிகப் பெயர்களில் வாங்குவதை விட்டு, அதன் மருந்தியற் பெயரைக் கூறி உலகச் சந்தையிலே கேள்விப் பத்திரம் கோரினர். கம்பனியின் வீட்டுக்குள் ஒளிந்திருந்த விலை வெளியே வரவேண்டியதாயிற்று.

இவ் அநுபவத்தைப் பன்னாட்டுக் கம்பனிகளை ஆராய்ந்த ஒக்ஸ்போர்ட் பொருளியலாளர் சஞ்சய லால், பிபிலேயோடு இணைந்து எழுதி, 1977இல் அபிவிருத்தி ஆய்வேடு ஒன்றிலே வெளியிட்டார். அக்கட்டுரையிலே ஒரு சம்பவம் உண்டு. 1974இல் இலங்கையிற் கொலரா பரவிற்று. நோய்க்குத் தேவையான தெற்றாசைக்கிளினை மாத்திரைக் கூடுகளாக்கும் வசதி இங்கிருந்த ஓர் அந்நியக் கம்பனியின் தொழிற்சாலையில் இருந்தது. கூட்டுத்தாபனம் வேறோர் இடத்திலே மலிவாக வாங்கிய மூலப்பொருளைப் பயன்படுத்த அக் கம்பனி இணங்கவில்லை. ஆயத்தமான மருந்தை அதிக விலைக்கு விமானத்தில் வரவழைக்க நேர்ந்தது. வீட்டுக்குள் வைத்துக்கொள்வதால் வரும் அநுகூலம் என்று டணிங் பெயரிட்டதன் மறுபக்கத்தை இதனிலும் தெளிவாகக் காட்டும் உதாரணத்தை நாம் அறியோம். இவ்வுதாரணத்தையும் அச்சட்டகத்தையும் ஒரே மேசையில் வைத்து மாணவரைப் பயிற்றும் கருத்தரங்கில் கோட்பாடு பழுதுபடாது. மாறாக, அதன் எல்லை எது என்பது தெரியவரும்.

பிபிலே 1977 செப்ரெம்பரில் கயானாவிற் காலமானார். பன்னாட்டுக் கம்பனிகளை ஆராய ஐக்கிய நாடுகள் சபை 1970களின் நடுவில் நிறுவிய நிலையம் 1992இல் மூடப்பட்டது. அக் கம்பனிகளுக்கென வரையப்பட்ட நடத்தைக் கோவையும் அத்தோடு கைவிடப்பட்டது. கேட்பதற்கு ஓர் இல்லம் இருந்தவரை அவ்வினாக்கள் ஓரளவேனும் உயிர்வாழ்ந்தன. 2013 ஏப்ரிலில் வங்காளதேசத்தில் ரானா பிளாசா என்னும் ஆடைத் தொழிற்சாலைக் கட்டடம் இடிந்து 1,134 பேர் மாண்டபின், வழங்கற் சங்கிலியின் அடிக்கண்ணியில் இருப்போரைப்பற்றி இத்துறையிலும் கூடுதலாக எழுதப்படுகிறது. எழுதுவோரைப் பாராட்டுகின்றோம்.

ஹைமரின் ஆசிரியர் கிண்டில்பேர்கர் மார்க்சியவாதியல்லர். தம் மாணவர் பிற்காலத்தில் சென்ற வழியோடு அவர் உடன்பட்டவருமல்லர். எனினும், இறந்த மாணவரின் ஆய்வேடு மறைந்துபோகாமல் நூலாக வருவதற்கு முன்னுரை எழுதிக்கொடுத்தார். ஹைமரின் பிற்காலக் கட்டுரைகளை நண்பர்கள் தொகுக்க, அவை 1979இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகப் பதிப்பாக வெளிவந்தன. ஒரே மனிதரின் இரு நூல்கள், மூன்றாண்டு இடைவெளியில் அச்சேறியவை. இவற்றுள் முந்தியதைத்தான் கலாநிதிப் பட்ட மாணவரின் பாடப் பட்டியலில் நாம் பெரும்பாலும் காண்கின்றோம். பிந்தியதை அம்மாணவர் தாமே நூலகத்திலே தேடி எடுக்கவேண்டியிருக்கிறது.